பரோடாவில் இரண்டு நாள்: அரண்மனையைத் தவிர அப்பாவுக்கு எதைக் காட்டலாம்?

மகாமகக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் அகமதாபாத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அப்பாவை அழைத்துச் செல்கிறேன். சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு ரயிலில் போவதாக ஏற்பாடு. அந்த ரயில் அகமதாபாத்துக்கு முன்பே வதோதராவில், அதாவது பரோடாவில், நிற்பதால், அங்கேயே இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று அப்பா விரும்புகிறார். அவருக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. கும்பகோணத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பரோடா சமஸ்தானத்தைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியும், அந்த ஊரை ஒரு முறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் விசாரித்தபோது, பரோடாவில் அரண்மனை ஒன்றுதான் இருக்கிறது, அரை நாள் போதும், மீதி நேரத்தில் நர்மதைக் கரையில் உள்ள படேல் சிலையைப் பார்த்துவிடலாம் என்றார். அப்பா அதற்கு இசையவில்லை. "சர் டி. மாதவராவ் நம்மூர்க்காரர். அவர் திவானாக இருந்த ஊரில் அரை நாளில் என்னத்தைப் பார்ப்பது?" என்று கேட்கிறார்.

அவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார். படிக்கட்டு ஏறுவதுதான் சிரமம். அரண்மனையைத் தவிர, பழைய பரோடா அரசு எப்படி இயங்கியது என்பதை ஒருவர் உணர்ந்துகொள்ளக்கூடிய இடங்கள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் எந்த வரிசையில் பார்ப்பது? அங்கே வசிப்பவர்களும் போய் வந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

விசுவாமித்திரிக்கரை எழுதியது:

அம்மா, நான் பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வசிக்கிறேன். உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பரோடாவை ஆண்ட கெய்க்வாட்களின் செல்வத்தைப் பார்க்கிறார்கள். அந்தச் செல்வம் ஊருக்கு என்ன செய்தது என்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். இந்த ஊருக்கு இரண்டு நாளும் வேண்டும்.

அப்பாவுக்கு வரலாறு தெரியும் என்றாலும் இங்கே படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1874இல் ரெசிடெண்ட் எனப்படும் ஆங்கிலேய அரசுப் பிரதிநிதி கர்னல் ஃபேருக்குப் பானத்தில் நஞ்சு கலந்து கொடுக்க முயன்றதாக அப்போதைய மன்னர் மல்ஹார்ராவ் கெய்க்வாட் மீது குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக் குழுவில் இருந்தவர்களிடையே ஒத்த கருத்து ஏற்படாதபோதும், நிர்வாகச் சீர்கேட்டைக் காரணம் காட்டி 1875இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். முந்தைய மன்னர் கண்டேராவின் மனைவி ஜம்னாபாய், நாசிக் அருகே கவ்லானா கிராமத்திலிருந்து கோபால்ராவ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தத்தெடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் மூன்றாம் சயாஜிராவாக 1939 வரை இருந்தார். அவர் 1881இல் முழு அதிகாரம் பெறும் வரை ஆட்சியைத் தாங்கி நடத்தியவர் உங்கள் ஊரில் பிறந்த மாதவராவ்தான். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்த அனுபவத்தோடு வந்து, குழம்பிக் கிடந்த கஜானாவையும் நீதிமன்றங்களையும் வரிவசூலையும் அவர் நேராக்கினார். சயாஜிராவ் பிறகு கட்டியதெல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் கட்டியதே.

முதல் நாள் காலையைப் பழைய நகரத்துக்கு ஒதுக்குங்கள். ஆட்டோவில் கண்டேராவ் மார்க்கெட்டில் இறங்கினால் படி ஏற வேண்டிய வேலையில்லை. 1906இல் கட்டிய அந்த மாளிகையின் முன்பக்கத்தைப் பார்த்தால் இதுவும் ஓர் அரண்மனையோ என்று தோன்றும். அதன் பின்புறத்தில் பூவும் காய்கறியும் விற்கிறார்கள். அங்கிருந்து சூர்சாகர் ஏரிப்பக்கம் போனால் நியாய மந்திரைக் காணலாம். முதலில் காய்கறிச் சந்தையாக இருக்கட்டும் என்று தொடங்கிய அந்தக் கட்டடம், 1896இல் நிறைவுற்றபின் நீதிமன்றமாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்பு நீதிமன்றங்கள் புதிய வளாகத்துக்குப் போய்விட்டதால் உள்ளே போக முடிகிறதா என்பதை அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; முடியாவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்கத் தகுந்த கட்டடம். ராவ்புராவில் உள்ள தாம்பேகர் வாடாவையும் பலர் சொல்வார்கள். பழைய திவான் ஒருவரின் வீடு அது. சுவர் முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள். கிருஷ்ண லீலைக்குப் பக்கத்திலேயே ஆங்கிலேயரோடு நடந்த போர் இருக்கும். ஆனால் ஓவியங்கள் மாடியில் இருக்கின்றன, படிகள் குறுகலானவை. உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன்.

அவர் தவறவிடக்கூடாத இடம் மாண்ட்வி பக்கத்தில் உள்ள மத்திய நூலகம். சயாஜிராவ் அமெரிக்கா சென்றபோது அங்குள்ள பொது நூலகங்களைக் கண்டு வியந்து, 1910இல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரையே வரவழைத்து, சமஸ்தானம் முழுவதற்கும் இலவச நூலக அமைப்பை ஏற்படுத்தினார். நகரத்தில் ஒரு பெரிய நூலகம், ஊர்களில் சிறு நூலகங்கள், நூலகம் இல்லாத கிராமங்களுக்கு மரப்பெட்டிகளில் போய்வரும் புத்தகங்கள் என்று அது விரிந்தது. 1906இலேயே சமஸ்தானம் முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சட்டமாக்கியிருந்ததால், எழுத்தறிந்த பிள்ளை பள்ளியை விட்டபின் படிப்பதற்கு ஊரிலேயே புத்தகம் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதன் தொடர்ச்சியாக வந்தது. இப்போதைய கட்டடத்தில் நூலடுக்குகளின் தளம் தடித்த கண்ணாடிப் பலகைகளால் ஆனது. எஃகு அடுக்குகளுக்கு நடுவே மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணாடி வழியே கீழ்த்தளம் வரைக்கும் இறங்கட்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்விளக்கு போடாமலே புத்தக முதுகில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். அடுக்குப் பகுதிக்குள் போக அனுமதி கேட்கவேண்டும். ஆசிரியர் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள் மாலையைச் சயாஜி பாக் பூங்காவுக்கும் அதனுள்ளே இருக்கும் பரோடா அருங்காட்சியகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 1894இல் திறந்த அருங்காட்சியகம் அது. திமிங்கில எலும்புக்கூட்டையும் எகிப்திய மம்மியையும் பார்க்கத்தான் கூட்டம் போகும். நீங்கள் அகோட்டா செப்புத்திருமேனிகள் எங்கே என்று கேட்டுப் போங்கள். 1951இல் இந்த ஊரின் மேற்குப் பகுதியில் கிடைத்த சமணத் திருமேனிகள் அவை. கும்பகோணத்தில் சோழர் செப்புத்திருமேனிகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அவற்றுக்கும் சில நூற்றாண்டுகள் முந்திய அந்தச் சாமரம் ஏந்திய பெண் எவ்வளவு வேறாகவும் எவ்வளவு நெருக்கமாகவும் தெரிவாள் என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். இடுப்பின் வளைவும் ஒரு பக்கம் சாய்ந்த நிற்புமாக, இப்போதுதான் சாமரத்தை அசைத்துவிட்டு நிறுத்தியவள் போல இருப்பாள்.

பூங்காவை ஒட்டி விசுவாமித்திரி ஆறு ஓடுகிறது. நகரத்தின் நடுவே ஓடும் இந்த ஆற்றில் முதலைகள் உண்டு. டிசம்பர் காலையில் வெயில் ஏறியதும், காலா கோடா பாலத்திலிருந்து பார்த்தால் சேற்றுக் கரையில் அவை வாயைத் திறந்தபடி குளிர்காய்வதைக் காணலாம். பாலத்தின் மேலிருந்து மட்டும் பாருங்கள்.

---

செங்கற்கட்டு எழுதியது:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் அரண்மனையைச் செல்வத்தின் காட்சி என்று மட்டும் சொல்லி ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. நான் சென்னையில் கட்டடக் கலைஞனாக இருக்கிறேன். லட்சுமி விலாஸ் அரண்மனையைப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை பரோடா போயிருக்கிறேன்.

1878இல் மேஜர் சார்லஸ் மாண்ட் என்பவர் அதை வரைந்து தொடங்கினார். 1881இல் அவர் இறந்துவிட்டார். தாம் போட்ட கணக்கு தவறு, கட்டடங்கள் இடிந்து விழப்போகின்றன என்ற அச்சம் அவர் மனத்தைக் குலைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அதை 1890இல் முடித்துக் கொடுத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னையில் மெரினா கடற்கரையோரம் நிற்கும் பல்கலைக்கழக செனட் இல்லத்தையும் மாநிலக் கல்லூரியையும் கட்டிய அதே சிஷோம்தான். ஆகவே உங்கள் அப்பா செனட் இல்லத்தை எப்போதாவது பார்த்திருந்தால், பரோடாவில் பல வளைவுகள் அவருக்குத் தெரிந்த முகமாகத்தான் இருக்கும்.

அரண்மனையின் முகப்பை நுழைவாயிலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடாதீர்கள். புல்வெளியில் சற்றுத் தள்ளி நின்று, இடமிருந்து வலமாக அந்த நீண்ட முகப்பு முழுவதும் கண்ணை ஓட்டினால், ஒரு பகுதியில் ராஜபுத்திர மாடங்களும் இன்னொரு பகுதியில் இஸ்லாமியக் குவிமாடங்களும் வேறொரு பகுதியில் கோயில் சிற்ப வேலையும் அடுத்தடுத்து வந்து, நடுவில் உயர்ந்த கோபுரம் அவற்றைக் கட்டிப்பிடித்து நிற்பதைக் காணலாம். இத்தனை வகைகளை ஒன்றாகச் சேர்த்தால் கதம்பமாகப் போய்விடும் என்றுதான் தோன்றும். கல்லின் நிறமும் தளங்களின் உயரமும் ஒன்றாக இருப்பதால் அப்படிப் போகவில்லை. தர்பார் மண்டபத்தின் தரையை வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் மொசைக்கில் அமைத்தார்கள். சன்னல்களின் வண்ணக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. அரச குடும்பம் இன்றும் ஒரு பகுதியில் வசிப்பதால் சில கூடங்களை மட்டுமே காட்டுகிறார்கள், உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. திங்கட்கிழமை விடுமுறை.

அதே வளாகத்தில் மன்னர் குடும்பத்துக் குழந்தைகளின் பள்ளியாக இருந்த கட்டடம் இப்போது ஃபத்தே சிங் அருங்காட்சியகமாக இருக்கிறது. ராஜா ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் இவ்வளவு ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. அதற்கும் மாதவராவே காரணம். திருவிதாங்கூரில் திவானாக இருந்தபோதே ரவிவர்மாவை அறிந்திருந்தவர் அவர். 1881இல் சயாஜிராவ் அதிகாரம் ஏற்ற காலத்தில் ஓவியர் பரோடாவுக்கு வந்து தங்கி வரைந்தார். பிறகு புராணக் காட்சிகளாகப் பதினான்கு ஓவியங்கள் வரையும் பெரிய பணியும் அரண்மனைக்காக அவரிடம் வந்தது. நம் வீடுகளில் நாள்காட்டிப் படமாகத் தொங்கிய லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சில் போட்டுப் பரப்பலாம் என்ற யோசனையை ரவிவர்மாவுக்குச் சொன்னவரும் மாதவராவ்தான். ஆசிரியராக இருந்த உங்கள் அப்பாவுக்கு இந்த ஒரு கூடத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்துக்கு அருகிலேயே பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. முன்பு பரோடா கல்லூரியாக இருந்த அதையும் சிஷோம்தான் வடிவமைத்தார். பிஜாப்பூர் கோல் கும்பஸை நினைவில் வைத்து எழுப்பிய அந்தச் செங்கல் குவிமாடத்தை ஆட்டோவில் இருந்தபடியே பார்க்கலாம். அரண்மனைக்குப் போட்ட உழைப்பில் ஒரு துளியும் குறையாமல் ஒரு கல்லூரிக்கும் போட்டிருக்கிறார்கள்.

---

ஆலநிழல் எழுதியது:

இருவரும் நல்ல செய்திகளைச் சொன்னீர்கள். சயாஜி பாக் பூங்காவைப் பற்றிச் சொல்லும்போது சங்கல்ப பூமியைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என்னைப் போன்ற பலர் பரோடாவுக்குப் போவதே அதற்காகத்தான்.

அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். 1913இல் மாதம் பதினொன்றரை பவுன் என்று மூன்றாண்டுகளுக்கு அதைச் சயாஜிராவ் அளித்தார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் பணியாற்றவேண்டும் என்பது ஒப்பந்தம். 1917 செப்டம்பரில் அவர் பணியில் சேர இங்கே வந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பகலில் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தார்கள். இரவில் பாழடைந்த மாடிக் கூடத்தில் மங்கிய விளக்கும் வௌவால்களும் அவருமாக இருந்தார்கள். பதினோராம் நாள் காலை தடிகளோடு வந்த கூட்டம் ஒன்று அன்று மாலைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டுப் போனது. இரண்டு நண்பர்களிடம் கேட்டார். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மும்பை ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை இருக்க இடமில்லாமல் இந்தப் பொதுப் பூங்காவில் வந்து உட்கார்ந்திருந்ததை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அப்போது அதன் பெயர் காமாத்தி பாக்.

அவர் அமர்ந்த ஆலமரத்தடி என்று போற்றப்படும் இடம்தான் சங்கல்ப பூமி. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 23 அன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரளாக வருகிறார்கள். நான் ஒரு சாதாரண நாளில் போனேன். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், பள்ளிச் சீருடையோடு இருந்த சிறுமி தன் பாட்டிக்கு அங்கே எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பாட்டி கையை மரத்தின் மேல் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிகள் திறந்த சமஸ்தானம் இது. அவர்களில் ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்பிய மன்னர் அரண்மனையில் இருக்கும்போதே, அதே மன்னரின் அதிகாரிக்கு அதே நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பரோடா அரசு எப்படி இயங்கியது என்று கேட்டீர்கள் அல்லவா? நூலகத்தைப் பார்க்கிற கண்ணோடு இதையும் உங்கள் அப்பா பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

மகாமகக்கரை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அனைத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆலநிழல் ஐயா எழுதியதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். இதை எந்த ஆண்டும் வகுப்பில் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று வருந்தினார்.

அவர் இன்னொன்று கேட்கச் சொன்னார். சயாஜிராவின் முதல் மனைவி தஞ்சாவூரிலிருந்து போனவர் என்று அவருக்குத் தெரியும். அவரோடு போன ஆடற்கலைஞர்களின் தடம் பரோடாவில் இன்னும் இருக்கிறதா?

---

சதங்கை எழுதியது:

இருக்கிறது, அக்கா. நான் அந்தத் தடத்தில் படித்தவள்.

தஞ்சை மராட்டிய அரச குடும்பத்து லட்சுமிபாய் 1880இல் சயாஜிராவை மணந்து முதலாம் சிம்னாபாய் ஆனார். 1885இலேயே இறந்துபோனார். அரண்மனைக்கு லட்சுமி விலாஸ் என்ற பெயர் அவரால் வந்தது என்றே இங்கே சொல்வார்கள். திருமணத்தோடு தஞ்சையிலிருந்து சதிர் என்று அன்று அழைத்த பரதநாட்டியம் ஆடும் பெண்களையும் நட்டுவனார்களையும் அனுப்பினார்கள். சீர்வரிசையின் ஒரு பகுதியாக மனிதர்களை அனுப்பினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கலங்கும். பிறந்த ஊரைத் திரும்பப் பார்ப்போமா என்று தெரியாமல், மொழி தெரியாத நாட்டில், ஆணைக்கு ஆடிய பெண்கள் அவர்கள். தர்பாரில் தமிழ்ப் பதங்கள், அதாவது ஆடலுக்கான பாடல்கள், ஒலித்தன. கேட்டவர்களில் எத்தனை பேருக்குப் பொருள் புரிந்திருக்கும்?

ஆனால் அவர்கள் கொண்டுவந்தது அழியவில்லை. அந்த மரபில் வந்த குபேரநாத் தஞ்சோர்க்கர் பின்னாளில் இங்குள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பரதநாட்டிய ஆசிரியராக இருந்து குஜராத்திப் பிள்ளைகள் பலரை உருவாக்கினார். தஞ்சாவூர்க்காரர் என்பதே அவருடைய குடும்பப் பெயராகிவிட்டதைக் கவனியுங்கள். பரதநாட்டியத்தைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக வைத்த முதல் இடங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன்பே 1886இல் மௌலா பக்‌ஷ் என்ற பெரும் இசைவாணரைக் கொண்டு சமஸ்தானம் இசைப்பள்ளி தொடங்கியிருந்தது; அதுவே வளர்ந்து இன்றைய நிகழ்த்துகலைப் புலமாக, சூர்சாகர் ஏரியின் எதிரே இருக்கிறது. அப்பா மாலை நேரத்தில் அந்தப் பக்கம் போனால் வெளியில் நின்றே தட்டுக்கழி ஓசையைக் கேட்கலாம். நான் படித்தபோது என் வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு பதத்தின் பொருளை மற்றவர்களுக்குச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் உச்சரிப்பில் அவர்கள் காட்டிய அக்கறை என்னைவிடக் கூடுதலாகவே இருந்தது.

---

தண்டவாளம் எழுதியது:

நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பரோடாவில் ரயில்வே அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி பிரதாப் விலாஸ் அரண்மனையில்தான் நடக்கிறது. அங்கே சில வாரங்கள் தங்கியிருந்தேன். வெளியாட்கள் நினைத்தவுடன் உள்ளே போக இயலாது என்பதால் அதை உங்கள் பட்டியலில் சேர்க்கவேண்டாம்.

ஊருக்குக் குடிநீர் வந்த கதையை அப்பாவிடம் சொல்லுங்கள். 1890களின் தொடக்கத்தில், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அஜ்வா ஏரியை அமைத்து, நீர் தானே வழிந்து நகரத்துக்கு வரும்படி செய்தார்கள். ஊரின் ஒரு பகுதி இன்னும் அந்த நீரைத்தான் குடிக்கிறது. அங்கே போகத் தேவையில்லை. தங்கும் இடத்தில் குழாயைத் திறக்கும்போது நினைத்துக்கொண்டால் போதும்.

அரவிந்தர் புதுச்சேரிக்கு வருவதற்கு முன், 1893 முதல் 1906 வரை பதின்மூன்று ஆண்டுகள் பரோடா சமஸ்தானப் பணியில் இருந்து, பரோடா கல்லூரியில் ஆசிரியராகவும் துணை முதல்வராகவும் இருந்தார். தாண்டியா பஜார் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தியான இடமாக வைத்திருக்கிறார்கள். அமைதியான தோட்டம் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர் நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாற அதைவிடச் சிறந்த இடம் நகரத்தில் இல்லை.

கீர்த்தி மந்திரையும் யாரும் சொல்லவில்லை. கெய்க்வாட் குடும்பத்து நினைவில்லம் அது. சுவர்களில் நந்தலால் போஸ் வரைந்த கங்கை இறங்கும் காட்சியும் பாரதப் போரும் மீராவின் வாழ்க்கையும் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகவே கேட்டுக்கொண்டு போங்கள். சம்பானேர் கோட்டைக்குப் போகச் சொல்லி யாராவது தூண்டினால் இந்த முறை வேண்டாம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அருமையான இடம்தான், ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாளும் ஏறி இறங்கக் கால்களும் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பருப்பில் சற்று வெல்லம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். மாலையில் சேவ் உசல் என்று பட்டாணிக் குழம்பின் மேல் ஓமப்பொடி தூவித் தருவார்கள். மராட்டியர் ஆட்சி இந்த ஊர் நாக்கில் விட்டுப்போன சுவை அது. அப்பாவுக்குக் காரம் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

---

மகாமகக்கரை எழுதியது:

போய் வந்துவிட்டோம். வழிகாட்டிய அனைவருக்கும் எழுதவேண்டியது என் கடமை.

நூலகத்தில் அனுமதி கிடைத்தது. கண்ணாடித் தளத்தின் ஓரத்தில் வந்ததும், யாரும் சொல்லாமலேயே அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். அங்கிருந்த ஊழியர், தேவையில்லை, நூறு பேர் நின்றாலும் தாங்கும் என்று இந்தியில் சொன்னார். தாங்காது என்று நினைத்துக் கழற்றவில்லை என்று அப்பா என்னிடம் தமிழில் சொன்னார். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பச்சைச் சாயல் படிந்த அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பெண் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தது நிழலாகத் தெரிந்தது.

அரண்மனையில், செங்கற்கட்டு ஐயா சொன்னபடி புல்வெளியிலிருந்து தொடங்கினோம். ரவிவர்மா கூடத்தில் ஒன்றரை மணி நேரம் போதவில்லை. பரோடா அருங்காட்சியகத்தில் சாமரம் ஏந்திய பெண்ணின் முன் அப்பா நெடுநேரம் நின்றார். சுவாமிமலைப் பட்டறைகளில் பார்த்த எதுவும் இவளுக்கு ஈடாகாது என்று முதலில் சொன்னவர், வெளியே வந்தபின் அதைத் திருத்தி, ஒப்பிட்டதே தவறு என்றார். கீர்த்தி மந்திர் மூடியிருந்தது. தம்பி வீட்டுக்கு மறுபடியும் வருவோம் அல்லவா, அப்போது பார்ப்போம்.

சங்கல்ப பூமியைக் கடைசிக்கு வைத்தோம். எங்கள் அகமதாபாத் ரயில் அன்று மாலை ஏழு மணிக்கு. நான்கு மணிக்கே போய் உட்கார்ந்தோம். அவர் இங்கே எத்தனை மணி நேரம் இருந்தார் என்று அப்பா கேட்டார். ஆலநிழல் ஐயா எழுதியதைக் கைப்பேசியில் எடுத்து, இரவு ஒன்பது மணி ரயில் வரை என்று படித்தேன். அதன்பிறகு இருவரும் அதிகம் பேசவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன் எழுந்து, ஆட்டோவைக் கூப்பிடப் போனேன். அப்பா வேண்டாம் என்று தடுத்து, இங்கிருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலாக இருக்கும் என்றேன்.

பெட்டியை நான் இழுத்துக்கொண்டேன். அப்பா நடந்தே வந்தார். வழியில் இரண்டு முறை மட்டும் நின்றார்.